சிறைப்பட்ட சிப்பாயின் சம்பளம் – அத்தியாயம் 9: கொரியாவிலிருந்து திரும்ப மறுத்தவர்கள்

எதிரியிடம் பிடிபட்டுப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் சிப்பாய்க்கு, அவன் சிறையில் இருந்த நாட்களுக்கான சம்பளமும் பிற சலுகைகளும் உண்டா என்ற கேள்விக்கு உரோமானியச் சட்ட அறிஞர் மெனாண்டர் தந்த விடை இத்தொடரின் தொடக்க அத்தியாயங்களில் விளக்கப்பட்டது. அவன் உண்மையிலேயே பிடிபட்டவன்தான், தானாக எதிரியிடம் ஓடிப்போனவன் அல்லன் என்பது உறுதியானால், பணி முடித்து ஓய்வு பெற்ற படைவீரனுக்கு உரிய கொடையை அவனுக்கும் தரவேண்டும் என்பதே அந்த விதி. பிடிபட்டவனா, ஓடியவனா என்பதே அந்த விதி எழுப்பிய கேள்வி. முறையாகப் பிடிபட்டு, பிடிபட்ட பின்னர் மனம் மாறி, போர் முடிந்து கதவு திறந்த பிறகும் வெளியே வர மறுத்து, அதன் பிறகு ஒருநாள் ஊருக்குத் திரும்பி வந்து, சம்பளப் பாக்கியைக் கேட்டு வழக்கும் போடுகிற சிப்பாயின் கதை இன்னும் சிக்கலானது. அத்தகைய மூன்று பேரை 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எதிர்கொண்டது.

கொரியப் போர் 1950 ஜூன் 25 அன்று தொடங்கி 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்த உடன்படிக்கையுடன் ஓய்ந்தது. அந்த மூன்றாண்டுகளில் சிறைப்பட்ட அமெரிக்கர்கள் 7,140 பேர் என்பது அதிகாரபூர்வமான கணக்கு. அவர்களில் 2,701 பேர் சிறையிலேயே மாண்டனர். பெரும்பாலான சாவுகள் 1950-51 குளிர்காலத்தில், உணவும் மருந்தும் கம்பளியும் இல்லாத தற்காலிக முகாம்களிலும் அவற்றுக்கு நடத்திச் செல்லப்பட்ட வழிகளிலும் நேர்ந்தவை. பின்னர் முகாம்களைச் சீனர்கள் பொறுப்பேற்று, யாலு ஆற்றங்கரையில் நிலையான முகாம்களை அமைத்தபோது சாவுகள் குறைந்தன. அதோடு சேர்ந்து அரசியல் வகுப்புகள் வந்தன, தன்வரலாறு எழுதச் சொல்வது வந்தது, சமாதான விண்ணப்பங்களில் கையெழுத்து கேட்பது வந்தது. பட்டினியில் செத்துக்கொண்டிருந்த காலத்தையும் சோறு கிடைத்த காலத்தையும் அடுத்தடுத்துக் கண்ட இருபது வயது இளைஞன் ஒருவன் தன்னைக் காப்பாற்றியவர்கள் என்று யாரை நினைத்திருப்பான் என்பதைப் பின்னாளில் அமெரிக்காவில் 'மூளைச்சலவை' என்ற சொல்லை ஓயாமல் பயன்படுத்தியவர்கள் அதிகம் எண்ணிப் பார்க்கவில்லை.

போர்நிறுத்தப் பேச்சு நீண்ட காலம் தடைப்பட்டு நின்றதற்கு முதன்மையான காரணம் போர்க்கைதிகளே. பகைமை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை. ஆனால் தென்கொரியாவில் இருந்த சீன, வடகொரியக் கைதிகளில் பல்லாயிரம் பேர் திரும்ப விரும்பவில்லை என்றும், விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தி அனுப்புவது அறமாகாது என்றும் ட்ரூமன் அரசு வாதிட்டது. விருப்பத்தின்பேரில் மட்டுமே நாடு திரும்புதல் என்ற இந்தக் கோட்பாட்டை நிலைநாட்டுவதற்காகப் பேச்சு ஒன்றரை ஆண்டு இழுபட்டது. அவ்வளவு காலமும் மலைமுகடுகளில் சண்டை நடந்தது, ஆட்கள் செத்தார்கள். எதிர்ப்பக்கத்தைச் சங்கடப்படுத்தும் என்று வாஷிங்டன் கணக்கிட்ட அந்தக் கோட்பாடு தன் சொந்தச் சிப்பாய்களுக்கும் பொருந்தும் என்பதை அது அப்போது பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை.

திரும்ப மறுத்தவர்களைப் பொறுப்பேற்று, அவர்கள் முடிவு உண்மையிலேயே அவர்களுடையதுதானா என்று உறுதிசெய்ய ஐந்து நாடுகள் கொண்ட நடுநிலை நாடுகளின் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைமை இந்தியாவுக்கு வந்தது. தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் கே. எஸ். திம்மய்யா. கைதிகளைக் காவல் காக்க மேஜர் ஜெனரல் எஸ். பி. பி. தோராட் தலைமையில் இந்தியக் காவற்படை ஒன்று படைவிலக்கப் பகுதிக்குச் சென்றது. அமெரிக்கத் தரப்பிலிருந்து அதன் கைக்கு வந்த, திரும்ப மறுத்த சீன, வடகொரியக் கைதிகள் ஏறத்தாழ 22,600 பேர். எதிர்த்தரப்பிலிருந்து வந்தவர்கள் 359 பேர் மட்டுமே. அவர்களில் 335 பேர் தென்கொரியர், ஒருவர் பிரிட்டிஷ்காரர், 23 பேர் அமெரிக்கர். இருதரப்புப் பிரதிநிதிகளும் கைதிகளைச் சந்தித்து மனம் மாற்ற முயல்வதற்கு 90 நாட்கள் ஒதுக்கப்பட்டன. (இருபுறமும் போக மறுத்து நடுநிலை நாடு கேட்ட 88 பேர் 1954இன் தொடக்கத்தில் இந்தியப் படையுடனேயே கப்பலேறிச் சென்னையில் வந்து இறங்கினார்கள், அவர்களின் கதை தனியாக எழுதப்பட வேண்டியது.)

அந்த 23 பேரின் பெயர்கள் வெளியானபோது அமெரிக்காவில் எழுந்த கொந்தளிப்பு எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவில் பெரிது. பத்திரிகைகள் அவர்களின் ஊர்களுக்குப் போய்ப் பள்ளி ஆசிரியர்களை விசாரித்தன. தாய்மார்கள் வானொலியில் பேசினார்கள், கடிதம் எழுதினார்கள். மினசோட்டாவைச் சேர்ந்த ஒரு தாய் மகனைப் பார்ப்பதற்காக டோக்கியோ வரை பறந்து சென்றும், அங்கிருந்து கொரியாவுக்குப் போக இராணுவம் அனுமதிக்கவில்லை. 23 பேரில் மூவர் கறுப்பினத்தவர். அவர்களுள் மெம்பிஸ் நகரத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் ஆடம்ஸ், தன் சொந்த ஊரில் கறுப்பர் நடத்தப்பட்ட விதமே தன் முடிவுக்குக் காரணம் என்று பின்னாளில் விளக்கினார். மற்றவர்களின் காரணங்கள் பலவகைப்பட்டவை: சிலரிடம் நம்பிக்கை, சிலரிடம் முகாமில் சக கைதிகளைக் காட்டிக்கொடுத்ததற்கு ஊர் திரும்பினால் தண்டனை கிடைக்கும் என்ற அச்சம், சிலரிடம் இரண்டும்.

90 நாள் முடிவதற்கு முன்பே 1953 அக்டோபரில் எட்வர்ட் டிக்கன்சன் என்ற வர்ஜீனியாக்காரர் மனம் மாறி இந்தியக் காவலர்களிடம் வந்து சேர்ந்தார். ஜப்பானில் இருந்த தன் மனைவியின் கடிதங்களால் அலைக்கழிந்த கிளாட் பேச்சலர் புத்தாண்டையொட்டி வெளியே வந்தார். எஞ்சியவர்கள் 21 பேர். அவர்கள் பின்னர் சீனாவுக்குச் சென்றனர்.

இவர்கள் செய்தது என்ன குற்றம் என்பதில் இராணுவத்திற்கே தெளிவு இருக்கவில்லை. அமெரிக்க இராணுவ நீதித் தொகுப்புச் சட்டப்படி படையை விட்டோடுதல் என்பது, நிரந்தரமாகத் திரும்பாமலிருக்கும் எண்ணத்துடனோ ஆபத்தான கடமையைத் தவிர்க்கும் எண்ணத்துடனோ தன் பிரிவை விட்டு அகலுவது. அந்த எண்ணம் நிரூபிக்கப்படாவிட்டால் அது அனுமதியின்றிப் பணியில் இல்லாமை என்ற சிறிய குற்றமாகிவிடும். இந்த 21 பேரும் தம் பிரிவை விட்டு அகன்றவர்களாகக் கணக்கில் இல்லை. சண்டையில் பிடிபட்டவர்களாகவே இருந்தனர். திரும்பாமலிருக்கும் உரிமையை அவர்களுக்குத் தந்ததோ அமெரிக்கத் தரப்பே வற்புறுத்திப் பெற்ற உடன்படிக்கை. அந்த உடன்படிக்கை தந்த உரிமையைப் பயன்படுத்தியதையே படையை விட்டோடுதல் என்று எந்த நீதிமன்றத்தில் வாதிடுவது? எதிரியோடு ஒத்துழைத்தல், சக கைதிகளைக் காட்டிக்கொடுத்தல் ஆகிய குற்றச்சாட்டுகளுக்குச் சட்டத்தில் இடமிருந்தது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்கள் சீனாவில் இருந்தார்கள்.

1954 ஜனவரியில் பாதுகாப்புத் துறைச் செயலர் சார்லஸ் வில்சனின் முடிவின்படி அந்த 21 பேரும் 'கண்ணியமற்ற பணிநீக்கம்' செய்யப்பட்டார்கள். இது ஒரு சிப்பாய்க்கு விதிக்கப்படும் பணிநீக்கங்களிலேயே இழிவானது. ஓய்வூதியம், மருத்துவம், கல்வி உதவி என்று முன்னாள் படைவீரருக்கு அரசு தரும் சலுகைகள் அனைத்தையும் அடைத்துவிடுவது. வழக்கமாக இராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தண்டனையாக விதிப்பது இது. இங்கே விசாரணை இல்லாமல் நிர்வாக ஆணையாக வந்தது. மக்களின் கோபத்துக்கு உடனே ஒரு விடை வேண்டியிருந்தது, அந்த விடை கிடைத்தது. அந்த ஓர் ஆணையால் இராணுவம் எதை இழந்தது என்பது அடுத்த ஆண்டிலும், முழுமையாக ஏழாண்டுகள் கழித்தும்தான் விளங்கியது.

முன்கூட்டியே திரும்பிவந்த டிக்கன்சனும் பேச்சலரும் இன்னும் இராணுவச் சீருடையில் இருந்தார்கள். ஆகவே அவர்களை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்தது. 1954இல் டிக்கன்சனுக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பேச்சலருக்கு ஆயுள் தண்டனை. பின்னர் அது இருபது ஆண்டாகக் குறைக்கப்பட்டு, அவர் நாலரை ஆண்டுகள் சிறையில் இருந்தார். வீட்டாரின் அழைப்புக்குச் செவிசாய்த்து முதலில் வந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். மற்றவர்களோ கண்ணியமற்ற குடிமக்களாக, ஆனால் குடிமக்களாகவே, சீனாவில் காகித ஆலைகளிலும் பண்ணைகளிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீன வாழ்க்கை சலித்துப்போய் 1955 ஜூலையில் ஓதோ பெல், வில்லியம் கவர்ட், லூயிஸ் கிரிக்ஸ் ஆகிய மூவர் சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கினார்கள். இறங்கியவுடன் இராணுவம் அவர்களைக் கைது செய்தது. பணிநீக்கம் ஆனவர்களை இராணுவம் எப்படிக் கைது செய்யலாம் என்றால், பணியில் இருந்தபோது செய்த பெருங்குற்றங்களுக்காகப் பணியிலிருந்து விலகிய பின்னும் ஒருவரை இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கலாம் என்று 1950ஆம் ஆண்டு இராணுவ நீதித் தொகுப்பில் ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பிரிவின் கதி அப்போது உச்ச நீதிமன்றத்தில் வேறொரு வழக்கில் ஊசலாடிக்கொண்டிருந்தது. ராபர்ட் டோத் என்ற முன்னாள் விமானப்படையினர், கண்ணியமான முறையில் பணியிலிருந்து விலகிப் பிட்ஸ்பர்கில் எஃகு ஆலையில் வேலை செய்துவந்தவர், கொரியாவில் ஒரு பொதுமகனைக் கொன்றதில் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டு இராணுவ விசாரணைக்காகக் கொரியாவுக்கே கொண்டுபோகப்பட்டிருந்தார். 1955 நவம்பர் 7 அன்று நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதிய தீர்ப்பில், படையோடு எல்லா உறவும் அற்றுக் குடிமகனாகிவிட்ட ஒருவரை ஜூரி இல்லாத இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த அரசமைப்பு இடம் தராது என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள்.

அந்த மாதமே பெல்லும் மற்ற இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களை மிக இழிவாக விலக்கியதாக நினைத்த ஆணையே அவர்களுக்குக் கவசமாயிற்று. இராணுவம் 1954இல் பொறுத்திருந்து, பெயர்களைப் பட்டியலில் வைத்திருந்தால், டிக்கன்சனுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர்ந்திருக்கும். சினத்தில் செய்த வேலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இராணுவ நிர்வாக வரலாற்றில் அரிது.

இனிதான் சம்பளப் பிரச்சினை வருகிறது. மூவரும் தாங்கள் பிடிபட்ட நாளிலிருந்து பணிநீக்கம் செய்யப்பட்ட நாள் வரையிலான சம்பளத்தையும் படிகளையும் கேட்டு, அரசுக்கு எதிரான பணக் கோரிக்கைகளை விசாரிக்கும் கோரிக்கைகள் நீதிமன்றத்தை அணுகினார்கள். அங்கே தோற்றார்கள். அந்த நீதிமன்றத்தின் பார்வையில் இது எளிய ஒப்பந்த விவகாரம்: விசுவாசமாகப் பணி செய்வதாக ஒருவன் ஒப்புக்கொண்டு படையில் சேர்கிறான், அதற்கு அரசு சம்பளம் தர ஒப்புக்கொள்கிறது; அவன் எதிரியோடு கூடிக் குலவிச் சக கைதிகளுக்குத் துரோகம் செய்தால் ஒப்பந்தத்தை முறித்தவனாகிறான், முறித்தவனுக்குக் கூலி ஏது? சாதாரண மனிதனின் நியாய உணர்வுக்கு இது முற்றிலும் பொருந்துவதுதான். முகாமில் பட்டினி கிடந்து, எதற்கும் கையெழுத்திட மறுத்து, பிழைத்து வந்த ஒரு சிப்பாயிடம் கேட்டால் இதைவிடக் கடுமையாகவே சொல்லியிருப்பான்.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. 1961 மே 22 அன்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கீழ்நீதிமன்றத்தின் முடிவைத் தலைகீழாக்கியது. மூவரின் நடத்தையை அது சிறிதும் நியாயப்படுத்தவில்லை. அவர்கள் முகாமில் தவறாக நடந்துகொண்டார்கள் என்பதை வைத்துக்கொண்டே தொடங்கியது. ஆனால் இராணுவச் சம்பளம் தனியார் ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் வருவதன்று, சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி மட்டுமே தீர்மானிக்கப்படுவது என்றது. சிப்பாயாக இருப்பது ஒரு நிலை. அந்த நிலை நீடிக்கும் வரை அந்தப் பதவிக்குச் சட்டம் வகுத்த சம்பளம் அவனுக்குச் சேரும். அதைப் பறிக்க இரண்டு வழிகளே உண்டு: சட்டமே பறிக்க வேண்டும், அல்லது முறையாக அமைந்த இராணுவ நீதிமன்றம் தண்டனையாகப் பறிக்க வேண்டும். இரண்டும் நடக்காதபோது, எவ்வளவு இழிந்த சிப்பாயாக இருந்தாலும் சம்பளம் அவனுடையதே என்பது தீர்ப்பின் சாரம்.

படையில் சேர்வது வெறும் ஒப்பந்தமன்று, மனிதனின் சட்ட நிலையையே மாற்றுவது என்ற கோட்பாடு அப்போது புதிதன்று. 1890இல் க்ரிம்லி என்பவரின் வழக்கில் இராணுவத்திற்கு வெற்றி தேடித் தந்த கோட்பாடு அது. வயது வரம்பு 35 ஆக இருக்க, 40 வயதில் பொய் சொல்லிச் சேர்ந்துவிட்டு ஓடிப்போன அவர், வயது கடந்து சேர்ந்ததால் ஒப்பந்தமே செல்லாது, ஆகவே தான் சிப்பாயே அல்ல, சிப்பாய் அல்லாதவன் எப்படி ஓடிப்போக முடியும் என்று வாதாடினார். திருமணத்தைப் போலவே படையில் சேர்வதும் நிலையை மாற்றிவிடுகிறது, வேண்டாதபோது கழற்றிவிட முடியாது என்று நீதிமன்றம் அப்போது சொன்னது. எழுபது ஆண்டுகள் கழித்து அதே தர்க்கம் இராணுவத்தின் பக்கமே திரும்பியது: சிப்பாய் வேண்டாதபோது கழற்ற முடியாத நிலையை, அரசும் வேண்டாதபோது இல்லையென்று சொல்லிவிட முடியாது.

மூவருக்கும் கைகொடுத்த சட்டம் இன்னும் பழையது. பிரிட்டனுடன் நடந்த 1812ஆம் ஆண்டுப் போரின் நடுவில், 1814 மார்ச் 30 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், எதிரியால் பிடிக்கப்படும் சிப்பாய்க்குச் சிறையிருக்கும் காலம் முழுவதும், அவனுடைய சேவைக் காலம் அதற்கிடையில் முடிந்துவிட்டாலும், பணியில் இருப்பவனுக்கு உரிய அதே சம்பளம் உண்டு என்றது. சேவைக் காலம் முடிந்த மறுநாளிலிருந்து சிறையில் கிடப்பவனின் குடும்பத்துக்குக் காசு நின்றுவிடக் கூடாது என்ற நியாயமான கவலையே அதன் பிறப்பிடம். நன்னடத்தை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சொல் இல்லாதது காங்கிரஸின் மறதி என்று அரசு தரப்பு சொல்லிக்கொள்ளவும் முடியாது. கொரியாவிலிருந்து திரும்பிய கைதிகளுக்குச் சம்பளத்துக்கு மேலாக, உணவின்மைக்கு நாளொன்றுக்கு 1 டாலரும் கொடிய நடத்துகைக்கு 1.50 டாலரும் இழப்பீடு தரும் வகையில் போர் இழப்பீட்டுச் சட்டம் 1954 ஆகஸ்டில் திருத்தப்பட்டது; அதில், வற்புறுத்தலின்றித் தெரிந்தே எதிரிக்கு உதவியவனுக்கு அந்தப் பணம் கிடையாது என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது; அதன்படி சிலருடைய விண்ணப்பங்கள் மறுக்கவும்பட்டன. ஒரு சட்டத்தில் விலக்கை எழுதத் தெரிந்தவர்கள் இன்னொன்றில் எழுதாமல் விட்டார்கள் என்றால், நீதிபதி தன் கோபத்தைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப முடியாது. கருணைக்கொடையையும் சம்பளத்தையும் ஒன்றாகப் பார்ப்பதே இந்த விவாதம் எழும்போதெல்லாம் நேரும் குழப்பம். கொடைக்குத் தகுதி கேட்கலாம், சம்பளத்துக்குத் தீர்ப்பு வேண்டும். இந்திய தேசிய இராணுவத்தினர் மீதான செங்கோட்டை வழக்கில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லோன் மூவருக்கும் ஆயுள் தண்டனையை ரத்து செய்த தலைமைத் தளபதி ஆச்சின்லெக்கூட, 1946 ஜனவரியில் சம்பளப் பறிமுதலை உறுதிசெய்ததற்கு இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பையே பிடித்துக்கொண்டார் என்பதைச் சென்ற அத்தியாயம் காட்டியது. ஆங்கில அரசுக்கு அந்த வழக்கு அரசியலில் பெருந்தோல்வி. பணக் கணக்கில் மட்டும் அது கறாராக இருந்தது.

பெல் வழக்கின் பாடத்தை அமெரிக்கப் படைகள் மறக்கவில்லை. மரைன் படை வீரர் ராபர்ட் கார்வுட் 1965 செப்டம்பரில் வியட்நாமின் டா நாங் அருகே பிடிபட்டார். மற்ற அமெரிக்கக் கைதிகள் 1973இல் திரும்பிய பிறகும் அவர் வரவில்லை. 1979 மார்ச்சில்தான் வந்தார். எதிரி முகாமில் துப்பாக்கி ஏந்திக் கைதிகளுக்குக் காவல் நின்றார் என்று திரும்பிவந்த கைதிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே சாட்சியம் சொல்லியிருந்தார்கள். ஆயினும் அந்தப் பதினான்கு ஆண்டுகளும் அவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை, பணிநீக்க ஆணை எதுவும் அவசரமாகப் பிறக்கவில்லை. அதனால் வட கரோலினாவின் லஜூன் முகாமில் அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்தது. 1981 பிப்ரவரியில் எதிரியோடு ஒத்துழைத்ததற்கும் சக கைதியை அடித்ததற்கும் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. படையை விட்டோடிய குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஒருநாள் சிறைகூட விதிக்கப்படவில்லை. பதவி குறைக்கப்பட்டது, கண்ணியமற்ற பணிநீக்கம் விதிக்கப்பட்டது, சம்பளமும் படிகளும் பறிக்கப்பட்டன. சிறைப்பட்ட ஆண்டுகளுக்காக அவர் பெயரில் சேர்ந்திருந்த 1,40,000 டாலருக்கும் மேற்பட்ட தொகை அவர் கைக்கு வரவில்லை. 1985இல் இராணுவ மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தது. கொரியாவில் தாமாகவே எதிர்த்தரப்பில் தங்க முடிவு செய்த பெல்லுக்குச் சம்பளம் உரிமையாயிற்று. தங்கியது தன் விருப்பத்தாலன்று என்று சொன்ன கார்வுட்டுக்கு அது கிடைக்கவில்லை. இருவரின் செயல்களையும் எடை போட்டுப் பார்த்தவர் யாரும் இப்படியொரு முடிவுக்கு வந்திருக்க முடியாது. முதல் வழக்கில் ஆணை முந்திக்கொண்டது, இரண்டாவதில் விசாரணை முந்திக்கொண்டது.

கார்வுட்டுக்குப் பின் ஏறக்குறைய முப்பதாண்டு காலம் இக்கேள்வி உறங்கிக் கிடந்தது. 2009 ஜூன் 30 அன்று ஆப்கானிஸ்தானின் பக்திகா மாகாணத்தில் தன் காவல் நிலையத்தை விட்டுத் தானாகவே நடந்து வெளியேறி, அதன் பின்பு தாலிபான் தரப்பினரிடம் பிடிபட்ட போ பெர்க்டால், ஐந்தாண்டுச் சிறைக்காலத்தில் வழக்கமான முறைப்படி பதவி உயர்வுகளும் பெற்றார். பிடிபட்டவன், ஓடியவன் என்ற மெனாண்டரின் இரண்டு பெயர்களும் ஒரே மனிதனுக்குப் பொருந்திய அந்த வழக்கு அடுத்த அத்தியாயத்தில்.